ரத்த ஓட்டம் நல்லா இரிக்காம்

1

நான் வேலை செய்வது சுவிட்சர்லாந்தில், ஒரு சின்ன நகரத்து முதியோர் இல்லத்தின் சமையலறையில். சமைப்பதோடு முடிவதில்லை. மத்தியானம் சூப் வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவதும் நான்தான். போன கிழமை இரண்டாம் மாடியில் ஓர் அறைக்குள் நுழைந்தபோது, உடற்பயிற்சி செய்விக்க வருகிற இளைஞன் அங்கிருந்த அம்மாவின் கெண்டைக்காலைப் பிடித்து அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்து முடித்து நிமிர்ந்தவன், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் சொன்னான். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ உள்ளங்காலில் தொடங்கி உச்சிவரை எரிந்தது.

"எதற்கு நன்றாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்து, காலுக்கு என்றான். காலுக்கென்றால் சரி என்று சொல்லி சூப்பை வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரமே மேற்பார்வை செய்கிற பெண் என்னைக் கூப்பிட்டாள். எல்லாம் சுகம்தானா, வேலை கூடிவிட்டதா, யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும்போல் இருக்கிறதா என்று விசாரித்தாள். இந்த நாட்டில் ஒரு கேள்வியை ஏறுமாறாகக் கேட்டால் போதும், உடனே உங்களை யாரிடமாவது பேச அனுப்பி வைத்துவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பி வந்தேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. என் அக்காவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். அந்தச் சிகிச்சைக்கு அவள் போகாமலே இருந்திருப்பாள். போகாமலிருக்கக் காரணம் பயமோ வறுமையோ இல்லை, அந்த இளைஞன் சொன்ன அதே வசனம். ஊரில் இந்தக் கதையை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

2

அக்கா இருப்பது மட்டக்களப்புப் பக்கத்துப் பழுகாமத்தில், எங்கள் அம்மாவின் வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதிலும் மூத்தவளுக்கு. மச்சான், அதாவது அக்காவின் கணவர், கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவர். வயலைப் பார்ப்பது அவர் பொறுப்பு, வயலில் வருகிற சண்டையைப் பார்ப்பது அக்காவின் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேலாக அந்த ஏற்பாடு பிசகாமல் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுப்பேன். முதலில் வெள்ளாமை எப்படி நிற்கிறது என்று வரும், பிறகு மழை, பிறகு யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு. அன்றும் எல்லாம் ஒழுங்காகப் போய், வைக்கப்போகிற நேரத்தில் அக்கா சொன்னாள்:

"சொல்ல மறந்து போனன் புள்ள. இடது மார்புல கட்டி மாதிரி ஒண்டு கிடந்தது. டவுனுக்குப் போய் ஸ்கான் எடுத்தன். ரத்த ஓட்டம் நல்லா இரிக்காம். பயப்பட ஒண்டுமில்ல."

கட்டி என்ற சொல்லில் நின்ற மூச்சு, நல்லா என்ற சொல்லில் திரும்பி வந்தது. அப்பாடா என்று கதிரையில் உட்கார்ந்தேன்.

என் மகள் மிதுனா அப்போது சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேறு நகரத்தில் தனியாக இருக்கிறாள். மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள், சாப்பிட்டதும் ரயிலைப் பார்ப்பாள். அவளுடைய தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ். வேற்றுமை உருபெல்லாம் வரிசையாக ஒப்புவிப்பாள், ஆனால் பக்கத்து வீட்டுத் தமிழ் ஆட்கள் பகிடி விட்டால் ஒன்றும் விளங்காது. போனில் பெரியம்மா என்றால் வணக்கம், சுகமா என்று கேட்டுவிட்டு என்னிடம் தந்துவிடுவாள். போனைக் கீழே பிடித்து அக்கா சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். அவள் கேத்திலை வைத்துவிட்டு வந்து கேட்டாள்:

"அம்மா, யாருக்கு ரத்த ஓட்டம்? பெரியம்மாவுக்கா, கட்டிக்கா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அக்காவுக்குத்தான், வேறு யாருக்கு என்றேன். அவள் விடவில்லை. அப்படியென்றால் எதற்கு மார்பை ஸ்கான் எடுத்து ரத்த ஓட்டம் பார்த்தார்கள் என்றாள். நான் மறுபடி போனைக் காதில் வைத்து, அந்த டொக்டர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லு என்று அக்காவிடம் கேட்டேன்.

"'கட்டிக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கு அம்மா, கெதியா கிளினிக்குக்குப் போங்க' எண்டு சொன்னவ. சிங்களப் பிள்ளை. என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறா தெரியுமா?"

"கெதியாப் போகச் சொன்னவதானே. ஏன் போகல்ல?"

"அது அவங்க எல்லாருக்கும் சொல்றதுதானேகா. கிளினிக்குல ஊசியால குத்திச் சதை எடுப்பாங்களாம். நல்லா இரிக்கிறதை ஏன் குத்துவான்? குத்தினாத்தான் பரவுமாம். கோயில் சடங்கு வருது, மறுகா வெள்ளாமை வெட்டு வருது. எல்லாம் முடியட்டும் பாப்பம்."

மிதுனா என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு அவள் ரயிலைத் தவறவிட்டாள்.

3

தமிழில் இந்த 'நல்லா' என்ற சொல்லை இப்படிப் புழங்கவிட்டவர் யாரென்று எனக்குத் தெரிய வேண்டும். நல்லாச் சாப்பிட்டான் என்கிறோம், சரி. நல்லா அடி வாங்கினான் என்றும் சொல்கிறோம். நல்லாக் காய்ச்சல் காயுது, நல்லா ஏமாந்து போனாள், காணி வழக்கில் நல்லா இழுபட்டான். இதில் எது ஐயா நல்லது? நிறைய என்பதற்கும் நன்மை என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, எது எதுவென்று குரலில் கண்டுபிடி என்று விட்டுவிட்டோம். அதுவும் ரத்த ஓட்டத்தோடு அந்தச் சொல் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் ஆட்களுக்கு ரத்தம் ஓடினால் நல்லம், கூட ஓடினால் இன்னும் நல்லம்.

அந்தச் சிங்களப் பிள்ளையைத் திட்டலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. தூர ஊரிலிருந்து வந்து, தமிழ் படித்து, நோயாளியைப் பார்த்து அவளுடைய மொழியில் பேசியிருக்கிறாள். கட்டிக்கு என்று நான்காம் வேற்றுமையைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறாள். நல்லா என்பதை நிறைய என்ற பொருளில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். கெதியாப் போ, பிந்தாதே என்றும் சொல்லியிருக்கிறாள். இதற்கு மேல் அவள் என்ன செய்ய? மச்சானைத் திட்டலாம் என்றால் அவரும் அக்கா விளங்கிக்கொண்டதைத்தான் விளங்கிக்கொண்டார். இவ்வளவு பெரிய பிழைக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள்கூட அகப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல்.

ஜெர்மன்காரரும் இதில் ஒன்றும் திறமில்லை என்று மிதுனா சொன்னாள். அவர்களும் 'நல்ல ரத்த ஓட்டமுள்ள கட்டி' என்றுதான் எழுதுவார்களாம்.

சொற்கள் என்னைப் படுத்திய பாடு இது முதல் தடவையுமில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் காசநோய்ச் சோதனை செய்தார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் வந்து, உங்களுக்கு நெகட்டிவ் என்றாள். நான் ஓவென்று அழுதேன். எங்கள் ஆட்களுக்கு நெகட்டிவ் என்றால் ஒரே அர்த்தம்தான்: அகதி விண்ணப்பம் தள்ளுபடி, பெட்டியைக் கட்டு. அவள் சிரித்துக்கொண்டு சொல்ல நான் அழ, கடைசியில் அவளும் பயந்துபோனாள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்பதைத்தான் அவள் சொல்ல வந்திருக்கிறாள். நல்லது கெட்டது என்று அர்த்தம் வருகிற சொற்களை எல்லாம் ஆஸ்பத்திரிகளில் தடைசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள்.

4

ஸ்கான் அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். மச்சான் அனுப்பிய முதல் படத்தில் பாதி அவருடைய பெருவிரல். இரண்டாவது படத்தை மிதுனா பெரிதாக்கிப் படித்தாள். கட்டியின் விளிம்பு சீராக இல்லை, அதற்குள் ரத்த ஓட்டம் அதிகம், சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று இருப்பதாகச் சொன்னாள். ஸ்கானை மட்டும் வைத்து இதுதான் என்று சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும், ஆனால் ஒத்திப்போடக் கூடாது என்றாள்.

முதியோர் இல்லத்துக்கு வருகிற டொக்டர் என்னோடு நன்றாகப் பழகுவார், என் பருப்புச் சூப்பைக் கேட்டு வாங்கிக் குடிப்பவர். அவரிடம் போனை நீட்டினேன். நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். நோயாளியின் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் பார்க்க முடியாதாம், தரவுப் பாதுகாப்பாம். என் அக்காவுக்கு இந்த நாட்டில் தரவு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். என் குடும்ப வைத்தியரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் அக்காவின் காப்புறுதி அட்டையைக் கேட்டாள். அக்கா இலங்கையில் இருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் அவர் இங்கே வரும்போது நேரம் குறித்துத் தருகிறேன் என்றாள், மிக அன்பாக.

ஊர்ப் பக்கமோ வேறு கூத்து. கனடாவில் இருக்கும் எங்கள் தம்பிக்கு விஷயம் போய், அவன் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். ரத்தம் நல்லா இருக்கும்போதே இன்னும் ஊறவைக்க வேண்டும், பீட்ரூட்டும் முருங்கையிலையும் ஈரலும் விடாமல் கொடுங்கள் என்று. மச்சான் அதைச் சிரமேற்கொண்டு சந்தைக்கும் வீட்டுக்கும் நடந்தார். நான் போனில் கத்தினால், "அவ நல்லா இரிக்கா. சும்மா பயங்காட்டாத புள்ள" என்பார். மறுபடி நல்லா.

எல்லாவற்றையும் விட என்னை வெறிகொள்ள வைத்தவள் என் மகள்தான். நான் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அது பெரியம்மாவின் உடல், பெரியம்மாவின் முடிவு, நாங்கள் பயமுறுத்தி மாற்றக் கூடாது என்றாள். இங்கே பள்ளிக்கூடத்தில் இதைத்தான் படிப்பிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு முடிவு இருக்கிறது, அதை எல்லாரும் மதிக்க வேண்டும். நான் கத்தினேன். அது அவள் எடுத்த முடிவே இல்லை, ஒரு சொல் அவளுக்காக எடுத்த முடிவு என்றேன். தன் உடம்பில் என்ன நடக்கிறதென்று தெரியாத மனுஷி எடுப்பதற்குப் பெயர் முடிவா?

மிதுனா போனில் அந்த ஸ்கான் படத்தை மறுபடி திறந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப சரியான சொல்லைக் கொடுங்க, அம்மா. அதுக்குப் பிறகு பெரியம்மா முடிவெடுக்கட்டும்."

5

சரியான சொல்லுக்கு நான் எங்கே போவேன்? முதலில் எனக்கே விளங்க வேண்டும். மிதுனா தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினாள். கட்டி எள்ளளவில் இருக்கும்போது சுற்றிலும் ஊறுகிறதை வைத்தே பிழைத்துவிடும். அதற்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்கு ரத்தம் வேண்டும். அப்போது அது பக்கத்தில் இருக்கிற ரத்தக் குழாய்களுக்கு ஒரு சைகை அனுப்புமாம். அந்தக் குழாய்கள் கிளைவிட்டு, கட்டியைத் தேடி வளர்ந்து வருமாம். உடம்பு தன்னுடைய குழாயைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அது கொழுக்கும். பிறகு அதே குழாய்களுக்குள் நுழைந்து, நுரையீரலுக்கோ எலும்புக்கோ போகவும் கூடும். ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு கட்டியைச் சாயம் போட்டு அவள் பார்த்திருக்கிறாள். குழாயெல்லாம் மண்ணிறமாகத் தெரியுமாம். குழாய் அடர்த்தியாக இருந்தால் பொதுவாக அது வேகமான கட்டி, எதிர்காலத்துக்குக் கூடாத அறிகுறி. ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரும் தீர்ப்புச் சொல்வதில்லை, கட்டியின் அளவு, அது எந்த வகை, கக்கத்து நெறிக்கு, அதாவது அங்கிருக்கிற நிணநீர்க் கணுவுக்கு, போயிருக்கிறதா என்பதெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்றாள்.

இவ்வளவையும் அவள் சொன்னது பாதி ஜெர்மனில், பாதி 'குருதிக் கலன்' போன்ற பாடப்புத்தகத் தமிழில். அதைத் தூக்கிக்கொண்டு நான் அக்காவுக்கு எடுத்தேன். ரத்தக் குழாய் புதிதாக வளருது அக்கா என்றேன். குழாய் வளர்ந்தால் நல்லம்தானே என்றாள். குருதிக் கலன் என்றேன். என்ன கலன், பால் கலனா என்றாள். சைகை அனுப்புது என்றேன். ஆருக்கு என்றாள். நான் போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரோடு சாய்ந்து நின்றேன். என்னுடைய சொந்த மொழியில், என்னுடைய சொந்த அக்காவுக்கு, அவளுடைய உயிர் பற்றிய ஒரு விஷயத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த நாட்டு மொழியில் முடியாமல் போனபோதெல்லாம் எனக்கு வெட்கம் வந்ததுண்டு. அன்றைக்கு வந்தது வேறு, அது வெறும் பயம்.

இரண்டு நாள் கழித்து எடுத்தபோது அக்கா என்னைப் பேசவே விடவில்லை. வயலில் சண்டை. அது சிறுபோகம், குளத்துத் தண்ணீரை முறைவைத்து விடுகிற காலம். எங்கள் வயலுக்கு மேலே வயல் செய்கிற ஒருவன் வாய்க்கால் கரையை வெட்டித் தன் பக்கம் தண்ணீரைத் திருப்பியிருக்கிறான். வட்டை விதானை, அதாவது வட்டை என்கிற அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், பார்ப்போம் பார்ப்போம் என்று இழுக்கிறார். மச்சான் வழக்கம்போலச் சமாதானம் பேசுகிறார். அக்கா மண்வெட்டியோடு போய் வெட்டிய இடத்தை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்கட வயல் வெடிச்சுக் கிடக்கு. அவன்ட வெள்ளாமை நல்லா நிக்குது. நல்லா நிக்காம? எங்கட தண்ணியிலதானே நிக்குது."

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டேன்.

"அக்கா, அதேதான். உன்ட மார்புல கிடக்கிறதும் நல்லாத்தான் நிக்குது. உன்ட ரத்தத்துல நிக்குது. அந்தப் பிள்ளை சொன்னது உனக்கு நல்லா இரிக்கு எண்டு இல்ல. அதுக்கு நல்லா இரிக்கு எண்டு."

அந்தப் பக்கம் மண்வெட்டியைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"கள்ள வாய்க்காலா?"

"ஓம். அதுவே வெட்டின வாய்க்கால். விட்டா அந்த வழியால மத்த இடங்களுக்கும் போகும்."

"உன்ட மச்சானுக்குத் தெரியுமா இது?"

"அவருக்கும் இதே மாதிரித்தான் சொல்லணும். நீ சொல்லு."

கோழிகள் கத்துவதும், மச்சான் யாருடனோ பேசுவதும் கேட்டது. சடங்கு முடியட்டும் என்று இப்போது சொல்வாள், வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று சொல்வாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தண்ணி களவெடுக்கிறவனைச் சடங்கு முடியட்டும் எண்டு விட்டு வச்சனா நான்? கிளினிக் எந்தக் கிழமையாம், கேட்டுச் சொல்லு. நாளைக்கே போறன்."

பீட்ரூட்டையும் நிறுத்திவிட்டாள், அதற்கு ஏன் நான் தண்ணீர் பாய்ச்சுவான் என்று. பீட்ரூட்டுக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை, உடம்புக்குத் தெம்பு வேண்டும், வடிவாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று மிதுனா தலையில் அடித்துக்கொண்டாள். அதை அக்கா கேட்கவில்லை. இன்றுவரை அந்த வீட்டுக்குள் பீட்ரூட் போவதில்லை.

6

பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல். பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்பு, வரிசை, இலக்கம், இன்றைக்கு இல்லை அடுத்த கிழமை வாருங்கள். ஊசியால் எடுத்த சதை புற்று என்று சொன்னது. கட்டியை எடுத்தார்கள். கக்கத்து நெறியிலும் கொஞ்சம் இருந்தது, அதையும் எடுத்தார்கள். மயிர் கொட்டுகிற மருந்து ஏற்றினார்கள். சடங்கு அக்கா இல்லாமல் நடந்தது, வெள்ளாமையை மச்சான் வெட்டினார், கொஞ்சம் பிந்தித்தான் வெட்டினார். உலகம் அழியவில்லை.

நான் போக முடியவில்லை. லீவு கேட்டபோது, சகோதரி என்றால் கூடவே வசிக்கிறவரா என்று கேட்டார்கள். இல்லை, பிறந்ததிலிருந்து கூடவே வசித்தவள், போர் வந்து பிரிந்துவிட்டோம் என்று சொல்ல ஜெர்மன் வசனம் வாய்க்குள் வந்தது. அதற்குரிய கட்டம் அவர்களுடைய கணினியில் இருக்காது என்பதால் விழுங்கிவிட்டேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் மச்சான் போனில் விம்மினார். சோதனையில் ஹோர்மோன் பொசிடிவ் என்று வந்திருக்கிறதாம். பொசிடிவ் என்றால் நோய் உறுதியாகிவிட்டதுதானே, இனி ஒன்றும் செய்ய முடியாதுதானே என்றார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் மனம் துள்ளியது. அகதி முகாமில் பொசிடிவ் என்றால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம், நாங்கள் கோழி வெட்டிக் கொண்டாடிய சொல் அது. மச்சான், பொசிடிவ் எண்டா நல்லம்தான் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, உடனே பயந்துபோய் மிதுனாவுக்கு எடுத்தேன். இந்த முறை அது உண்மையிலேயே நல்லம்தானாம். அப்படிப்பட்ட புற்றுக்கு வருடக்கணக்கில் குடிக்கக்கூடிய குளிசை இருக்கிறதாம், அதைத் தடுத்து வைக்க ஒரு வழி கூடுதலாக இருக்கிறதாம். முதன்முறையாக நல்லது என்ற சொல் நல்லது என்ற அர்த்தத்தில் வந்தது, அதற்கும் நாங்கள் அழுதோம்.

அக்கா எவ்வளவு காலம் இருப்பாள் என்று மிதுனாவிடம் ஒருமுறை கேட்டேன். ஆயிரம் பெண்களைப் பற்றிக் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள், ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியாது என்றாள். எனக்கு ஆயிரம் பெண்கள் வேண்டாம், இருப்பது ஒரு அக்கா என்றேன். அவள் வந்து என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். சின்னதில் செய்கிறமாதிரி. அதற்குப் பிறகு அவளே பழுகாமத்துக்குப் போன் எடுக்கத் தொடங்கினாள். எனக்குச் சொல்லாமலே எடுக்கிறாள். வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறாள் என்று அக்காவுக்குச் சிரிப்பு. பிறகு என்பதற்குப் பெரியம்மா சொல்லும் 'மறுகா' என்ற சொல்லை மகள் பிடித்துக்கொண்டு, இப்போது ஜெர்மன் பேசும்போதும் இடையில் போடுகிறாள்.

7

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வருடச் சோதனை முடிந்து வந்து அக்கா பேசினாள். மறுபடி அதே இடத்தில்தான் ஸ்கான் எடுத்தார்களாம், அதே சிங்களப் பிள்ளை. அவளுக்கு அக்காவை நினைவிருந்ததாம். மற்ற மார்பையும் கக்கத்தையும் வெட்டின இடத்தையும் நேரமெடுத்துப் பார்த்தாளாம். பார்த்து முடித்து, பயப்படுகிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை, நல்லா இருக்கு அம்மா என்று சொன்னாளாம்.

முதியோர் இல்லத்தில் அந்த இளைஞனிடம் கேட்டமாதிரி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா முந்திவிட்டாள்.

"நான் விடல்ல புள்ள. 'ஆருக்கு நல்லா இரிக்கு மகள், எனக்கா அதுக்கா' எண்டு கேட்டன்."

"அவ என்ன சொன்னவ?"

"முதல்ல அவக்கு விளங்கல்ல. மறுகா என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, 'இப்ப அம்மாவுக்கு' எண்டவ."

இப்ப என்ற சொல்லில் நான் தொங்கிக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லை நம்பிக் கெட்டவள், அடுத்த சொல்லை எப்படிச் சும்மா விடுவேன்? அடுத்த ஸ்கான்வரைக்குமா, குளிசை முடிகிற வரைக்குமா, அந்தப் பிள்ளை யோசித்துச் சொன்னாளா, சும்மா வாயில் வந்ததா?

"அக்கா, இப்ப எண்டா?"

"இப்ப எண்டா இப்பதான்கா. போனை வை. இண்டைக்கு எங்கட தண்ணி முறை, நான் வட்டைக்குப் போகணும்."